இசைப்பேழையும் இசைப்பயனும்

ஆனாய நாயனார் பதிகம் பாடினாரல்லர். ஆநிரை மேய்க்கச் சென்றவிடத்துப் பூத்து நின்ற கொன்றையைக் கண்டு, அதனைச் சிவபெருமான் திருக்கோலமாகக் கருதி உள்ளம் உருகி, ஐந்தெழுத்தைத் தம் வேய்ங்குழலில் வைத்து ஊதினார். அவ்வோசை இறைவன் திருச்செவியிற் சார, அவன் விடைமேல் எழுந்தருளி அவரை ஆட்கொண்டான் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். வாயினாற் சொல்லாத மந்திரத்தைத் துளைக்கருவி சொல்லுதல் கூடுமோ என்னும் ஐயத்திற்கு அவ்வரலாறே விடையாம். கருவி எதுவாயினும் அதனுள் வைக்கப்பட்ட அன்பே இறைவன் திருமுன் செல்வது என்பது அதனாற் போந்த பொருள்.

இதனோடு ஒருபுடை ஒப்புடைய செயலொன்று அமெரிக்க நாட்டில் 1964-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. நியூ ஜெர்சி மாகாணத்து இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரில், ரூடி வான் கெல்டர் என்பாரது ஒலிப்பதிவுக்கூடத்தில், அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஜான் கோல்ட்ரேன் என்னும் இசைவாணர் தம் துணைவர் மூவரோடு 'எ லவ் சுப்ரீம்' என்னும் இசைத்தொகுதியைப் பதிவு செய்தனர். 'ஈடிலாப் பேரன்பு' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். கோல்ட்ரேன் கையாண்டது சாக்ஸபோன் என்னும் துளைக்கருவி. அவர் சார்ந்தது ஜாஸ் என்னும் மரபு. அஃது அந்நாட்டுக் கறுப்பின மக்கள் வளர்த்தது. மனோதர்மத்திற்கு மிக்க இடங்கொடுப்பது.

கோல்ட்ரேன் மதுவிலும் ஹெராயின் என்னும் நச்சுமருந்திலும் சிக்குண்டு, 1957-இல் அவற்றினின்று மீண்டவர். தமக்கு அவ்வாண்டு உண்டாகிய ஆன்மவிழிப்பு இறையருளால் நேர்ந்தது என்றும், இவ்விசை அவ்விறைவனுக்குத் தாம் இடும் எளிய காணிக்கை என்றும் தட்டின் உறையில் அவரே எழுதியுள்ளார். தொகுதி நான்கு பகுதிகளையுடையது. முதற்பகுதியில் நான்கு சுரங்கொண்ட சிறுதொடர் ஒன்றைச் சுருதிநிலை பன்னிரண்டிலும் மாற்றிமாற்றி ஊதி, பின்னர் அதனையே வாயாற் செபம்போல ஓதுவர். இறுதிப்பகுதியிலோ, உறையில் அச்சிட்ட துதிப்பாட்டை வாய்திறவாது சாக்ஸபோனிலேயே சொல்லுக்குச் சொல் ஓதுவர். லூயிஸ் போர்ட்டர் என்னும் இசையாராய்ச்சியாளர் பாட்டையும் ஒலியையும் ஒப்பவைத்து இதனை விளக்கிக் காட்டினர்.

வேற்றுநாட்டார் செய்த இசையாற் சைவர்க்கு ஆவது என்னை எனின், எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று பயன்தருவோன் சிவபெருமானே என்பது சிவஞான சித்தியாரின் துணிபாகலின், அவ்வினா ஈண்டு எழுதற்கு இடமில்லை என்க.

இனி, இக்காணிக்கை அங்காடியில் எய்திய நிலை ஆராயத்தக்கது. 1965-இல் இம்பல்ஸ் என்னும் நிறுவனத்தார் இதனை ஒரே தட்டாக வெளியிட்டனர். முழுதுங் கேட்க ஏறத்தாழ 33 நிமிடமே செல்லும். 2002-இல் இது 'டீலக்ஸ் பதிப்பு' என்னும் பெயரால் இரண்டு தட்டுக்களாயிற்று. 2015-இல் மூன்று தட்டுக்கள் அடங்கிய பேழையாயிற்று. 2021-இல், கோல்ட்ரேன் 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சியாட்டில் நகரத்தில் எழுவராய்க் கூடி இதனை வாசித்த பதிவு தனியே வெளிப்பட்டது. பழைய இசைத்தொகுதியை மிகைப்பொருள்களோடு பேழையிலிட்டு மீள விற்றல் மேனாட்டில் இக்காலத்துப் பெருவழக்கு. அதனால் இசையன்பர் எய்தும் இன்பமும் உண்டு, துன்பமும் உண்டு.

துன்பத்தை முதற்கண் ஆராய்வாம் எனின், நூற்குற்றம் பத்தென வகுத்த நன்னூலார் முறை அதற்குப் பெரிதும் துணைசெய்யும். முதலாவது, கூறியது கூறல். கோல்ட்ரேன் 1965 ஜூலை 26-ஆம் நாள் பிரான்சு நாட்டு அந்தீப் விழாவில் இவ்விசையை வாசித்த பதிவு, 2002-இன் இரண்டாந்தட்டில் உள்ளது. அதுவே 2015-இன் மூன்றாந்தட்டிலும் உள்ளது. 1964 டிசம்பர் 10-ஆம் நாள் ஆர்ச்சி ஷெப், ஆர்ட் டேவிஸ் என்னும் இருவரையுங் கூட்டி அறுவராய் முதற்பகுதியை மீளப் பதிவு செய்த முயற்சிகளுள் இரண்டே 2002-இல் வெளிவந்தன. இடையில் அறுந்து நின்றன உட்பட ஆறும் 2015-இல் வெளிவந்தன. ஆகவே, எஞ்சிய நான்கினைக் கேட்க விரும்பினோன் தன் கையிலுள்ள மூலத்தையும் பிரான்சுப் பதிவையும் மற்றுமொருமுறை விலைகொடுத்து வாங்கவேண்டியவனாயினான். புதிய ஏடு இரண்டின் பொருட்டுப் பழைய நூல் முழுதையும் மீண்டும் வாங்கும் மாணவன் நிலை இது.

இரண்டாவது, மிகைபடக் கூறல். இதற்குப் பாப் டிலன் என்னும் பாடகரது பேழையே தக்க எடுத்துக்காட்டு. அவர் 1965, 1966-ஆம் ஆண்டுகளிற் கூடத்தில் இருந்து பாடியன எல்லாம் திரட்டி, 2015 நவம்பரில் 18 குறுந்தட்டுக்களில் 379 பதிவுகளாக, 5,000 படிகள் மட்டும், படியொன்று 599.99 டாலர் விலையில் வெளியிட்டனர். பொருள் குறைந்தோர்க்கென 6 தட்டுக்களிலும் 2 தட்டுக்களிலும் சுருங்கிய பதிப்புக்கள் உடன்வந்தன. ஆறு தட்டுக்களுள் ஒன்று 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' என்னும் ஒரே பாட்டின் முயற்சிகளால் நிறைந்தது. ஒரு பாட்டு உருப்பெறும் வழியை அடியடியாக ஆராய்வார்க்கு அது பெருவிருந்து. பாட்டையே கேட்க வந்தார்க்கோ, சோறு வேண்டினானுக்கு நெல்லும் உமியும் உலக்கையும் உடன் அளந்து கொடுத்தது போலும்.

இம்மிகைக்கு ஆர்வமன்றிச் சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2011-இல் இயற்றிய விதி, இசைப்பதிவுகளின் உரிமைக்காலத்தை 50 ஆண்டினின்று 70 ஆண்டாக நீட்டிற்று. எனினும் 50 ஆண்டிற்குள் வெளியிடப்படாத பதிவு அந்நீட்டத்தைப் பெறாது. அதனால், உரிமை கழியாவண்ணம் பழைய நாடாக்களை ஆண்டிறுதியில் விரைந்து வெளியிடும் வழக்கம் தோன்றிற்று. டிலனுடைய 1962-ஆம் ஆண்டுப் பதிவுகள் 2012 இறுதியில் ஏறத்தாழ 100 படிகளே ஐரோப்பாவில் வெளியிடப்பட்டன. கேட்பாரை நோக்காது உரிமையை நோக்கி அவை வெளிவந்தமை அவ்வெண்ணிக்கையாலே விளங்கும்.

மூன்றாவது, மற்றொன்று விரித்தல். குறுந்தட்டில் இடம் எஞ்சியிருத்தலின், மூலத்தின் இறுதியிலேயே விலக்கப்பட்ட பாடங்களை ஒட்டிவிடுதல் பதிப்பாளர் பலர் செய்வது. 'எ லவ் சுப்ரீம்' போல்வன துதியோடு முடிவன. முடிந்தபின் கேட்போன் உள்ளத்தில் நிலவும் மோனமும் அவ்விசையின் ஓர் உறுப்பே. பூசை முடிந்து திரையிடுமுன் மீண்டும் பூத்தொடுக்கத் தொடங்கினாற் போல, அம்மோனத்தை இடையறுக்கும் ஒட்டு வெறுக்கத்தக்கது. இக்குற்றம் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. அதன் முதற்றட்டில் மூலம் தனித்து நிற்க, ஏனைய பாடங்கள் வேறு தட்டில் வைக்கப்பட்டன. மூலமும் பாடபேதமும் கலவாமற் பதிப்பிக்கும் நம்மனோர் நன்முறையோடு இஃது ஒத்தது.

இவற்றினும் ஆழ்ந்த தடையொன்று உண்டு. செய்தவன் தானே விலக்கியதைப் பிறர் வெளியிடுதல் தகுமோ என்பது அது. திருமுன் சாத்துதற்கென ஆய்ந்த மலர்களுள் அழுகலென்றும் அரும்பென்றும் கழித்தவற்றைக் கூடையோடு சந்நிதியிற் கொட்டுதல் அடியார் செயலாகுமோ என வினவுவார் கூற்று எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆயினும் ஈண்டுக் கோல்ட்ரேன் தாமே ஒரு வாயிலைத் திறந்துவைத்தனர். அறுவர் கூடிச் செய்த பதிவு இப்பொழுது வெளியிடப்படாமைக்கு வருந்துவதாக அவரே 1965-இன் உறையிற் குறித்து, ஷெப், டேவிஸ் இருவரையும் பெயர்சுட்டியிருக்கின்றனர். ஆகலின் அவை கழித்த மலரல்ல. மற்றொரு வேளைக்கென வைத்த மலரெனக் கோடலே பொருந்தும். அவர் 1967 ஜூலை 17-ஆம் நாள் நாற்பதாம் வயதிற் காலஞ்சென்றமையின், அவ்வேளை அவர் வாழ்நாளில் வாய்த்திலது.

இனி, இன்பம். மூலத்தின் நான்காம் பகுதி முடியுமிடத்துப் பின்னர்ச் சேர்த்த ஒலிகள் உள்ளன. அவை சேர்வதற்கு முன்னிருந்த வடிவும் 2015-இன் பேழையில் உண்டு. முதற்பகுதியில் வாயால் ஓதும் செபம் தனியே பதிந்து ஏற்றப்பட்டவாறும் அதன்கட் கேட்கப்படும். இவற்றைக் கேட்டோன், ஒரே மூச்சிற் பொழிந்தது எனத் தான் கருதிய காணிக்கை, எண்ணி அமைத்துச் செப்பஞ்செய்து இடப்பட்டது என அறிகின்றான். அதனால் அன்பு குறைவதன்று. பூத்தொடுப்பானது விரல் வருத்தத்தைக் கண்டோனுக்கு மாலையின்மேல் மதிப்பு மிகுதல் போல மிகுவதேயாம். சியாட்டிற் பதிவோ 75 நிமிட அளவினது. கூடத்தில் 33 நிமிடத்தில் அடங்கிய துதி, பத்து மாதத்திற்குள் எழுவர் கையில் இருமடங்கினும் மிக்குப் பெருகியது. அந்நாடாவை ஜோ பிரேசில் என்னும் இசையாசிரியர் பதிவு செய்து தம்மிடம் வைத்திருந்தனர். அவர் காத்திராவிடின் அவ்விரவு செவிக்கு இல்லையாகியிருக்கும்.

காத்தலின் அருமையைச் சைவர் பிறரினும் நன்கு அறிவர். தில்லையிற் பூட்டியிருந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழவேந்தனும் திறப்பித்த ஞான்று, அவை கறையான் புற்றால் மூடப்பட்டுப் பெரும்பகுதி சிதைந்திருந்தன. வேந்தன் வருந்த, இக்காலத்திற்கு வேண்டுவன எஞ்சியுள்ளன என்னும் அருள்வாக்கு எழுந்தது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தும் பண்முறை கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர்பாலிருந்தே அது பெறப்பட்டது. எழுத்தை ஏடு காக்கும். ஓசையைக் காக்கவல்லது அந்நாளில் உயிருள்ள செவியும் மிடறுமே. ஆளுடைய பிள்ளையார் பாடிய ஓசையை ஒருகாற் கேட்கப்பெறின் எதனையும் கொடுக்கும் சைவன், ஓசையையே காக்கும் பேழையை வணிகமென்று முற்றும் இகழ்தல் இயலாது. மேனாட்டிலும் கறையான் உண்டு. அங்கு அது நெருப்பு. 2008 ஜூன் 1-ஆம் நாள் ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்திற் பற்றிய தீயில் மூலநாடாக்கள் எரிந்தன. அச்செய்தி 2019-இலேதான் விரிவாக வெளிப்பட்டது. இழப்பின் அளவுபற்றி நிறுவனத்தார் மாறுபட்டுரைப்பினும், எரிந்தவை மீளா என்பதில் மாறுபாடில்லை.

ஆயினும் அவ்வருள்வாக்கின் மறுபுறமும் நோக்கத்தக்கது. எஞ்சியது போதும் என்பதே அது. பேழை வாங்குவார் பலர்க்கு நேரும் நோய், அப்போதுமையை அறியாமை. எல்லாம் தன்பால் உளவாதல் வேண்டும் என்னும் அவா, கேட்டலினின்று பிரிந்து, உடைமையே பயனாக நிற்கின்றது. உறை கிழியாத பேழை அலமாரியில் இருக்க, அடுத்த பேழை எப்பொழுது வரும் என ஏங்குவோன் 33 நிமிடம் அமர்ந்து கேட்டிலன். விற்போர் குற்றம் பாதியாயின் இஃது ஏனைப் பாதி. எனது என்னும் பற்று, இறைவனுக்கிட்ட காணிக்கையையும் தன் சரக்காக்கிக் கொள்ளவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கோல்ட்ரேன் மனைவியார் ஆலிஸ் கோல்ட்ரேன் செய்தியும் ஈண்டு நினைக்கற்பாலது. அவர் பாரத நாட்டுச் சமயநெறியை மேற்கொண்டு துரியசங்கீதானந்தா என்னும் பெயர்பூண்டு, 1983-இல் கலிபோர்னியாவில் ஆசிரமம் நிறுவினர். தம்மைச் சார்ந்த அடியார்க்கென 1982-இல் வடமொழித் துதிகளைப் பாடிக் காசெட்டாக வெளியிட்டனர். அது நரம்பிசையும் மின்னிசையும் கூடியது. 2021-இல் அவர் மைந்தர் ரவி கோல்ட்ரேன், குரலும் ஆர்கன் இசையும் மட்டுமுடைய மற்றொரு வடிவை வெளியிட்டனர். குரலின் தனிமையிற் பத்தி விளங்குகின்றது என மகிழ்ந்தாரும் உளர்; அடியார் பன்னாள் கேட்டுப் பழகிய வடிவு எங்கே என முறையிட்டாரும் உளர். இரண்டும் உடன்வைத்துப் பதிப்பித்திருப்பின் இருசாராரும் அமைவர். ஒரு பாடம் சிறந்ததாயினும், வழக்கிலிருந்த பாடத்தை விடுதல் குன்றக் கூறலாம். மிகையைப் பழித்தோர் குறையையும் பழித்தல் நடுவுநிலை.

இதுகாறும் கூறியவாற்றான், பேழைப் பதிப்பு நன்றென்றாதல் தீதென்றாதல் ஒருதலையாகத் துணிதல் பொருந்தாது. மூலம் தனித்து நிற்றல், முன் வெளிவந்ததை மீண்டும் வாங்குமாறு நேராமற் புதியது தனியே கிடைத்தல், வழக்குப் பாடம் விடுபடாமை என்னும் மூன்றும் உளவாயின் அது நற்பதிப்பு. 2015-ஆம் ஆண்டுப் பேழை இரண்டாவதில் தவறிற்று.

ஞானநெறியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நால்வகைப்படுத்தினர் சித்தாந்த ஆசிரியர். பாடபேதங்கள் சிந்தித்தற்கே உதவுவன. சிந்தித்து ஐயம் நீங்கினோன் செயற்பாலது, ஏனைத் தட்டுக்களைப் பேழையுள் வைத்து மூடி, முதற்றட்டுக்கு மீண்டு, வாய்திறவாது ஓதிய அத்துதியை வாய்திறவாதிருந்து கேட்டலேயாம். ஆனாயர் குழலோசையின்முன் ஆநிரைகள் அசைபோடுதலும் மறந்து நின்றன என்ப. அவற்றின்பால் பேழை இல்லை, கேள்வி இருந்தது.

திருச்சிற்றம்பலம்.