பாதி மூச்சில் ஓடும் கார்

பினாங்கு லெபோ பாசாரில் சனிக்கிழமை மாலை. ஒரு பக்கம் பூக்கடை, மறுபக்கம் இரட்டை வரிசையில் நிறுத்திய வேன், நடுவே ஆள் நடக்கிற வேகத்தில் டோயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட். ‘இவி’ என்ற பச்சை விளக்கு எரிகிறது. எஞ்சின் அணைந்து கிடக்கிறது. ஏர்கான் மட்டும் நிற்கவில்லை, அதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால்.

2022 ஜனவரியில் மலேசியச் சந்தைக்கு வந்த இந்தக் காரைப் பலர் ‘பேட்டரி காடி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எஞ்சினுக்கு அது அநியாயம்.

பெட்ரோலில் மட்டும் ஓடும் கொரோலா கிராஸும் 1,798 சிசிதான், 139 குதிரைத்திறன். ஹைபிரிட் எஞ்சினுக்கோ வெறும் 98. வேண்டுமென்றே குறைத்ததுதான். வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் காற்றை இழுத்து முடித்த சற்று நேரத்தில் வால்வு மூடிக்கொள்ளும். இதில் பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வெகுநேரம் திறந்தே இருக்கும். இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். ஆக, அமுக்குவது கொஞ்சம், வெடித்த வாயு பிஸ்டனைத் தள்ளுவதோ முழுத் தூரம். விரிவு விகிதம் 13:1. புகைக்குழாயில் வீணாகப் போகவேண்டிய சூட்டில் கொஞ்சம் சக்கரத்துக்கு வேலை செய்கிறது. காற்று குறைவதால் ரோன்95 ஊற்றினாலும் எஞ்சின் ‘தட்டுவதில்லை’. 2015இல் பிரியஸில் இந்த எஞ்சினுக்கு டோயோட்டா சொன்ன வெப்பத்திறன் 40 விழுக்காடு.

1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் இதற்காகத் தண்டுகளைச் சிக்கலாகப் பின்னினார். இன்று வால்வு மூடும் நேரத்தைத் தள்ளிப்போட்டாலே போதும்.

குறைந்த இழுவையை மின்மோட்டாரின் 163 நியூட்டன் மீட்டர் ஈடுகட்டுகிறது. சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் வழுக்கிக்கொண்டு கிளம்பும். அந்த 98 யாருக்கும் நினைவுக்கு வராது.

பாலிக் புலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில் நினைவுக்கு வரும். ஐந்து பேர் உட்கார்ந்து வளைவுக்குப் பின் வளைவாக ஏறும்போது எஞ்சின் ஒரே சுருதியில் கத்துகிறது. வேகம் நிதானமாகத்தான் கூடுகிறது. முன்னால் லாரி போனால், பொறுமைதான். இறக்கத்தில் பிரேக்கை மெல்லத் தொட்டால் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுவது ஓர் ஆறுதல்.

2025 செப்டம்பர் 30 முதல் மானியத் திட்டத்தில் ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட். எண்ணெய் இவ்வளவு மலிவாக இருக்கையில், வாரம் ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் எடுப்பவருக்குக் கூடுதல் விலை திரும்ப வர நாளாகும். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவர் கணக்கு வேறு: பாலத்தின் சீரான ஓட்டத்தில் எஞ்சினும், வாசல் ஜேமில் மோட்டாரும் சம்பாதித்துக் கொடுக்கும். பாலிக் புலாவ்காரர்கள் மட்டும், குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மலையேறிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.