அடிமைப் பெண்ணின் சொல்

ஒரு சொல்லைக் கேட்டவிடத்து, அதனை மொழிந்தவர் யார், எந்நிலையில் நின்று மொழிந்தார் என வினவுதல் நம் மதரஸாக்களின் முதற் பாடம். ஐரோப்பாவின் பழைய வழிபாட்டை இந்நாளில் மீண்டும் எழுப்புவோரின் வேண்டுதல் ஒன்றை அவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

ஐஸ்லாந்தில் 1972-ல் தோன்றிய ஆசாத்ரு சங்கத்தை அந்நாட்டரசு 1973-ல் ஏற்றது. அங்கும் பிற நாடுகளிலும் ஓதின், தோர் முதலிய பழந்தெய்வங்களைப் போற்றுவோர் உளர். அவர்தம் முன்னோர் சடங்கு நூலெதனையும் விட்டுச் சென்றிலர். புராணக் கதைகளை ஸ்னோரி என்னும் கிறிஸ்தவர் 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்தார். மரத்துண்டுகளில் குறியிட்டு, வெண்துணிமேல் எறிந்து வருங்காலம் பார்க்கும் ஜெர்மானியர் வழக்கத்தை ரோமரான டாசிட்டஸ் எழுதினார். வடநாட்டாரின் ஈமச்சடங்கைக் கண்ணாற் கண்டெழுதியவரோ, கலீபா முக்ததிரின் தூதுக்குழுவில் 921-ல் பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபள்லான்.

வோல்கா நதிக்கரையில், ரூஸ் எனப்பட்ட வடநாட்டு வணிகரின் தலைவனொருவன் இறந்தான். உடன் மாள ஓர் அடிமைப் பெண் முன்வந்தாள். கதவு நிலை போன்ற சட்டத்தின் மேலாக அவளை மும்முறை உயர்த்தினர். முதலில் தாய் தந்தையரையும், அடுத்து மாண்ட உறவினரையும், இறுதியில் பசுமை நிறைந்த சுவனபதியில் தன் எசமானனையும் காண்பதாக அவள் கூறினாள். பின்னர் அவளைக் கொன்றபோது, ஓலம் கேட்டால் மற்றப் பெண்கள் உடன்சாக மறுப்பரென ஆடவர் கேடயங்களைத் தட்டினர்.

இதனைத் தழுவி மைக்கேல் கிரைட்டன் 1976-ல் ஒரு நாவல் எழுதினார். 1999-ல் வந்த அதன் திரைப்படத்தில், இச்சொற்கள் போருக்குமுன் வீரர் ஓதும் மந்திரமாயின. சுவனபதி, ஓதினின் வீரர் மண்டபமாகிய வல்ஹல்லாவாயிற்று. இன்று வழிபாட்டிலும் நீத்தார் நினைவிலும் சிலர் அதனையே முன்னோர் வேண்டுதலென ஓதுகின்றனர்.

பிறர் எழுத்திலிருந்து சடங்கமைப்பதை நாம் குறைகூறோம். அவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களுள் கற்றோர், மூலத்தில் உள்ளதையும் தாம் சேர்த்ததையும் பிரித்துரைக்கின்றனர், அது பாராட்டத்தக்கதே. நம் குறை வேறு. வீரத்தின் பெயரால் ஓதப்படும் அச்சொல், கொலைக்கென நிறுத்தப்பட்ட ஒருத்தியுடையது. அன்று கேடய ஒலி அவள் குரலை மறைத்தது. இன்று வீரப்புகழ் மறைக்கின்றது.

மொழிபெயர்ப்பாளன் வழிக் கேட்டு இப்னு ஃபள்லான் எழுதிய ‘ஜன்னத்’ என்னும் சொல்லும் அவள் வாய்மொழியன்று. எனினும் பேசியவள் யார், எந்நிலையில் பேசினாள் என்பதை அவர் மறைத்திலர். அவர்தம் வழக்கங்களை அருவருத்தபோதும் அந்த அமானிதத்தைக் காத்தார். ஓதுவோர் ஓதுக, உரியவள் யாரென்பதையும் உடன் உரைப்பாராக.