பகடைத் தர்க்கத்தை ரசிப்பது எப்படி?

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, நடத்துநர் ஒருவர் விவரிக்கும் உலகில் அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாய்மொழியாகவே சொல்லி ஆடுவது பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். முயற்சி பலிக்குமா, பலிக்காதா என்ற ஐயம் எழும் இடத்தில் மட்டுமே அதில் பகடை உருள்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டாகக் கருதப்படுகிறது. அதன் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஆட்டக்காரர்களிடையே மூளும் தர்க்கத்தில் பெரும்பங்கு, பகடையை எப்படி உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு என்ன பொருள் கொள்வது என்பதைப் பற்றியது. வெளியாருக்கு இது வெறும் கூச்சலாகத் தோன்றினாலும், அதிர்ஷ்டத்துக்கு என்ன வடிவம் கொடுப்பது, தோற்றால் பழியை யார் சுமப்பது என்ற இரண்டு கேள்விகளே அதன் அடியில் ஓடுகின்றன என்பதை உணர்ந்தவருக்கு அது நல்லதொரு பட்டிமன்றத்தின் சுவையைத் தரும்.

சிங்கப்பூரின் மேற்கே, நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமும் ஒரே சாலையில் அமைந்து, தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகமும் அருகிலேயே இருப்பதால் மாணவர்கள் நிறைந்த வட்டாரமான கிளமெண்டி, இத்தகைய ஆட்டத்துக்கும் தர்க்கத்துக்கும் ஏற்ற இடம். அங்குள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டும் தமிழ் இளைஞருக்கு, அதே வீட்டு அலமாரியில் ஊரிலிருந்து வந்த பித்தளைத் தாயக்கட்டை கிடக்குமானால், ரசனைக்கான முதல் பாடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடை கிடைத்திருக்கிறது. திருக்குறள் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. ஆகவே பகடையைப் பற்றி வாதிடுவது தமிழருக்குப் புதிதன்று.

தாயக்கட்டை இரண்டும் நீண்ட நான்முகக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என முகங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து உருட்டினால் விழக்கூடிய சேர்க்கைகள் பதினாறு. அவற்றில் மூன்று என்ற கூட்டுத்தொகைக்கு நான்கு வழிகளும், இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகளும், தாயம் எனப்படும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு வழிகளும், ஆறுக்கு ஒரே வழியும் இருக்கின்றன. இரு கட்டையும் வெறுமை காட்டினால் பன்னிரண்டு என்று கொள்வதால் அதற்கும் ஒரே வழிதான். காயை இறக்கத் தாயம் விழுந்தாக வேண்டும். அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர், மூன்றில் ஒருவர் அவ்வளவு நேரம் கைகட்டிக் காத்திருப்பது விதியின் கொடுமையன்று, ஆட்டத்தின் அமைப்பே அப்படி என்று அறிவார். ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம் என ஒரு வீட்டார் முடிவு செய்தால், வாய்ப்பு நான்கில் ஒன்றாக உயர்ந்து, ஆட்டம் விரைவாகச் சூடுபிடிக்கும். ஆனால் முதல் தாயம் விழும்போது எழுகிற ஆரவாரம் அந்த அளவுக்குக் குறையும். ஒவ்வொரு வீட்டு விதியும் ஒரு குட்டிப் பதிப்பே. கட்டைக்குப் பதில் ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுவோருக்கு இந்தக் கணக்கு கைகொடுக்காது. சோழியின் முதுகும் வாயும் சம வாய்ப்புடையவை அல்ல, ஒரு சோழியைப் போல இன்னொன்று இருப்பதுமில்லை. அந்தத் தெளிவின்மையே சோழியின் அழகு என்று சொல்லவும் இடமுண்டு.

இருபது முகப் பகடை இதற்கு நேர்மாறான குணம் உடையது. அதில் எல்லா எண்ணுக்கும் சமமாக 5 விழுக்காடு வாய்ப்பு. தாயக்கட்டையில் மூன்றைச் சுற்றி எண்கள் குவிவதைப் போன்ற குவிவு எதுவும் இல்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின், 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, அதுவரை ஒரு செயலுக்கு உயர்ந்த எண்ணும் இன்னொரு செயலுக்குத் தாழ்ந்த எண்ணும் நன்மை தந்த குழப்பத்தை நீக்கி, இந்தப் பகடையை உருட்டித் திறமைக்கான எண்ணைக் கூட்டி இலக்கெண்ணை எட்டினால் வெற்றி என்ற ஒரே முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கவசம் சிறக்கச் சிறக்க அதன் எண் குறைந்துகொண்டே வந்தது என்பதை இன்றைய இளைஞரிடம் சொன்னால் நம்பமாட்டார். ஆனால் உயரமான இடத்தில் நின்றால் ஒன்று, மந்திரம் துணைநின்றால் இரண்டு என்று சிறு கூட்டல்கள் பெருகியதில், பகடை உருண்டு நின்ற பிறகும் கணக்கு முடியாத நிலை தோன்றியது.

2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இதற்குக் கண்ட தீர்வு, பகடை விதிகளில் ரசனைக்குரியவற்றுள் தலையாயது. சூழ்நிலை சாதகமானால் இரு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்வது, பாதகமானால் தாழ்ந்ததை எடுத்துக்கொள்வது என்ற இந்த ஏற்பாட்டில் கூட்டல் எதுவும் இல்லை. உதவி கிடைத்ததைக் கையே உணர்கிறது. இதன் நுட்பம் எண்களில் தெரியும். பதினொன்றோ அதற்கு மேலோ தேவைப்படுபவரின் வாய்ப்பு 50-லிருந்து 75 விழுக்காடாகத் தாவுகிறது. இருபதே வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு 5 விழுக்காடு 9.75 ஆகிறது, இரண்டு விழுந்தாலே போதும் என்பவருக்கு 95 என்பது 99.75 ஆகிறது. நடுவில் தத்தளிப்பவனையே இந்த விதி கைதூக்கி விடுகிறது. வல்லவனுக்கும் வாய்ப்பற்றவனுக்கும் அதனால் பெரிய மாற்றமில்லை. மூன்று சாதகங்கள் இருந்தாலும் ஒரே ஒரு பாதகம் அவை அனைத்தையும் அழித்துவிடும் என்பது இதன் மீதான நியாயமான குறை. ஆயினும் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துக் கதையைத் தொடரச் செய்ததற்காக அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

2022 ஆகஸ்டில் அடுத்த திருத்தத்துக்கான சோதனை வரைவு வந்தபோது எழுந்த சர்ச்சையை, தர்க்கத்தைக் கேட்கப் பழகுவோர் பாடமாகவே கொள்ளலாம். தாக்குதலுக்கு மட்டும் உரியதாக இருந்த ஒரு சலுகையை, அதாவது பகடை இருபதைக் காட்டினால் கூட்டல் கழித்தல் பாராமல் வெற்றி என்பதை, பகடை உருளும் எல்லா முயற்சிகளுக்கும் விரிக்கலாம் என்றது அந்த வரைவு. அப்படியானால் புக்கிட் தீமா குன்றை ஒரே தாவலில் தாண்ட முயல்பவரும் இருபதில் ஒருமுறை தாண்டிவிடுவாரே என்றனர் எதிர்த்தோர். நடக்கவே முடியாத காரியத்துக்குப் பகடையை உருட்டச் சொன்ன நடத்துநரே குற்றவாளி என்றனர் ஆதரித்தோர். எதிரி உருட்டும் இருபதுக்கு இரட்டைச் சேதம் கூடாது என்ற இன்னொரு யோசனையின் அடியில் இருந்தது இரக்கம்: புதிதாகப் பிறந்த பாத்திரம், பெயரில்லாத பூதமொன்றின் ஒற்றை அதிர்ஷ்டத்தில் சாவது அநியாயமாகப் பட்டது. அச்சமற்ற ஆட்டத்தில் வெற்றிக்கு என்ன சுவை என்று மறுதரப்பு கேட்டது. கேட்டதில் நியாயம் இருந்தது. இரு யோசனைகளும் அடுத்தடுத்த வரைவுகளில் கைவிடப்பட்டு, 2024-இல் அச்சான நூலில் இடம்பெறாமலே போயின.

வேறு மரபுகளும் உண்டு. 2010-இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, ஆறும் அதற்குக் கீழும் தோல்வி, பத்தும் அதற்கு மேலும் முழு வெற்றி, இடைப்பட்டது ஏதேனும் இழப்போடு கூடிய வெற்றி என்று பகுக்கிறது. கூட்டல் எதுவும் இல்லாதபோது தோல்விக்கும் இழப்போடு கூடிய வெற்றிக்கும் தலா 36-இல் 15 வழிகள் இருக்க, முழு வெற்றிக்கு ஆறு வழிகளே உள்ளன. வெட்டுப்படாமல் காயைக் கரைசேர்த்துப் பழம் எடுப்பது எவ்வளவு அரிது என்று தாயம் ஆடியவருக்குத் தெரியும். இந்த விதியிலும் முழு வெற்றி அப்படியே அரிதானது.

ஆகவே புதிய பதிப்பைப் பற்றிய தர்க்கத்தில் உட்காருவோர், வாதிடுபவர் எண்ணைப் பற்றிப் பேசுகிறாரா, தன் கையில் பகடை இருக்கும் சில விநாடிகளைப் பற்றிப் பேசுகிறாரா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். எண்ணைப் பற்றிய வாதத்தைத் தாளும் பேனாவும் தீர்த்துவிடும். கையைப் பற்றியதை ஆடித்தான் தீர்க்க முடியும். நடத்துநர் திரைக்குப் பின்னால் உருட்டுகிறாரா, எல்லாரும் காண மேசை நடுவில் உருட்டுகிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே விதி, உருட்டும் இடம் மாறினாலே வேறு விதியாகிவிடுகிறது. எந்த விதியையும் பழிப்பதற்கு முன், தாயக்கட்டையின் பதினாறு சேர்க்கைகளை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, பழைய விதியில் ஓர் ஆட்டமும் புதிய விதியில் ஓர் ஆட்டமும் ஆடிப் பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு எவ்வளவு உரக்கச் சண்டையிட்டாலும் தகும்.