காவலூர் வானுக்கு ஒரு மரப்பெட்டி

ஜவ்வாது மலையின் காவலூரில் 1968-இல் முதலில் வானை நோக்கித் திரும்பியது ஒரு 38 செ.மீ. தொலைநோக்கி. வானியலாளர் வைணு பாப்புவின் குழுவே உருவாக்கிய கருவி அது. இன்று அங்கே 2.34 மீட்டர் ஆடி இருக்கிறது. மலையேறி வரும் ஆர்வலருக்கு அந்தப் பிரம்மாண்டம் தேவையில்லை.

டாப்சோனியன் போதும். ராமகிருஷ்ண மரபில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் பரப்பிய எளிய தொலைநோக்கி வடிவம்: குழாய், ஆடி, ஒட்டுப்பலகைப் பெட்டி. கையால் மெல்லத் தள்ளினால் நகரும். விட்ட இடத்தில் நிற்கும். 20 செ.மீ. ஆடி, இருளில் விரிந்த கண்மணியைப் போல 800 மடங்கு ஒளியைச் சேர்க்கும். இன்னொரு வசதி, இந்த மலைக்கென்றே அமைந்தது. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் பன்னிரண்டரை டிகிரிதான். ஒரு மரமே மறைத்துவிடும். அதைக் குறிவைத்துப் பொருத்தவேண்டிய தாங்கிகள் திணறும் இடத்தில், டாப்சோனியனுக்குக் கவலையே இல்லை.

எங்கே திருப்புவது? ஸ்டெல்லேரியம் சொல்லும். இலவச மென்பொருள், இடத்தைக் கொடுத்தால் அன்றைய வானத்தை விரித்துக் காட்டும். திரையைச் சிவப்பாக்கும் வசதிதான் அதில் அருமை: இருளுக்குப் பழகிய பார்வை கெடாது.

மே மாதம், இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் தேடினால் ஒமேகா சென்டாரி கிடைக்கும். லட்சக்கணக்கான விண்மீன்களின் திரள். லண்டன்காரர்களுக்கு அது அடிவானைத் தாண்டி எழுவதே இல்லை.