மேடையில் அக்கா, ஓ.பி.யில் யார்?

"உங்க அக்கா மாதிரி நினைச்சுக்கோங்க. எதை வேணும்னாலும் எங்கிட்ட சொல்லலாம்." அக்டோபர் 11, சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம், ஜனவரி 24, தேசியப் பெண் குழந்தைகள் தினம். இந்த நாட்களை ஒட்டிப் பெண்கள் பள்ளிகளில் நடக்கும் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. சொல்பவர் டாக்டராகவோ செவிலியராகவோ மனநல ஆலோசகராகவோ இருப்பார். சம்பளம் வாங்காமல், தன் ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வந்திருப்பார். வளரிளம் பெண்களின் தன்னம்பிக்கையை வளர்க்க மருத்துவத் துறையினரே வழிகாட்டிகளாக முன்வர வேண்டும் என்பது இப்போது யாரும் கேள்வி கேட்காத நற்காரியமாகிவிட்டது. சிறு சந்தேகத்தை எழுப்பினாலும் ஒரே பதில்தான் வருகிறது: ஒன்றுமில்லாததற்கு இது மேல் இல்லையா? இல்லை என்கிறேன். சில சமயம் ஒன்றுமில்லாமல் இருப்பதே மேல்.

நன்மைகளை மறுக்கவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் அடக்கி வைத்திருந்து வெளியே போய்த் துப்பும் பிள்ளை, அது எதற்கென்று ஒரு பெண் டாக்டர் விளக்கினால் விழுங்கக்கூடும். தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் வந்த பிறகும் மாதவிடாயைப் பற்றி வீட்டில் வாய் திறக்க முடியாத பெண்களுக்கு, அதைக் கூச்சமின்றிப் பேசும் ஒரு பெரியவர் கிடைப்பது பெரிய விஷயம். நெசவாளர் வீட்டுப் பெண் தன்னைப்போலவே பேசும் ஒரு பெண் டாக்டரை எட்டும் தூரத்தில் பார்ப்பதே ஒரு படிப்புதான். என் மறுப்பு இதற்கு அப்பால் தொடங்குகிறது. உடல்நலத்தைப் பேச வந்தவர் தன்னம்பிக்கைக்குத் தாவும்போது, தகவல் தருகிற வேலை ரகசியம் கேட்கிற வேலையாக மாறுகிறது. அந்த ரகசியத்தை வைத்துக்காக்க அவரிடம் இடமில்லை.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீட்டின் முன்பகுதியைத் தறி எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சமுள்ள இடத்தில்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். கரை நாடாவைத் தள்ளித்தரப் பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும். பல காலம் அது குழந்தையின் கையாகவே இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், பலர் கல்லூரிக்கும் போனார்கள். வீட்டின் அளவு மட்டும் பெரிதாகவில்லை. ஐந்து நிமிடம் தனியாகப் பேசச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லாத வீட்டில், தெரு முழுக்கச் சொந்தமும் பங்காளியுமாக இருக்கும் இடத்தில் வளர்ந்த பெண்ணுக்கு, ஒரு வார்த்தை வெளியே போனால் அது எத்தனை வீடு ஏறி இறங்கும் என்பது துல்லியமாகத் தெரியும். அவள் பேசாமல் இருப்பதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொள்வது மேடையிலிருந்து பார்ப்பவரின் தவறு. அவள் கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள்.

அந்தக் கணக்கை மீறி அவளைப் பேசவைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 16 வயதுப் பெண். கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து, ஒரு பையனோடு பழகுவதையும், எல்லை கடந்துவிட்டதையும், மாதவிடாய் தள்ளிப்போயிருப்பதையும் 'அக்கா'விடம் சொல்கிறாள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. குற்றம் நடந்ததாகத் தெரியவந்தவர் யாராயிருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் அடையாளத்தைக் காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் கருக்கலைப்புக்கானது. பள்ளி வராந்தாவில் காதோடு காதாகச் சொன்னதற்கானது அல்ல.

வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு இந்தச் சட்டம் அரண் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மாமனோ ஆசிரியரோ செய்ததை ஒரு சிறுமி சொன்னால், தெரிவித்தே ஆக வேண்டும். என் கேள்வி வேறு. "எதை வேணும்னாலும் சொல்லலாம்" என்ற டாக்டருக்கு, அதைக் கேட்டால் தான் என்ன செய்யக் கட்டுப்பட்டவர் என்பது தெரியும். பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவளிடம் இப்படிச் சொல்வதற்கு, எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும், நான் வழிகாட்டுதல் என்று பெயர் வைக்க மாட்டேன். சொன்ன பிறகு அவருக்கு இரண்டே வழிகள்: சட்டத்தை மீறுவது, அல்லது அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது. மூன்றாவதாக ஒன்று நடைமுறையில் உண்டு. கேட்காததுபோல் இருந்துவிடுவது. முதல்முறை மனம் திறந்த பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

இதே பெண் அடுத்த வாரம் ஏதோ ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு (ஓ.பி.) போகிறாள். வெள்ளைப்படுகிறது என்பதுதான் தொந்தரவு. வரிசையில் அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். சீட்டில் கிறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், சத்தமாகக் கேள்வி வருகிறது: "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றால் அடுத்த பார்வை பக்கத்தில் நிற்கும் அம்மாமீது. அரசு, தனியார் என்ற பேதமின்றித் தமிழ்நாட்டில் இதை அனுபவிக்காத பெண்கள் குறைவு. தன்னைப் பற்றிய மதிப்பை ஒரு பெண் எங்கே இழக்கிறாள் என்று மருத்துவத் துறை தேட வேண்டுமானால், பள்ளிக்கூடம் வரை போக வேண்டியதில்லை. அது தன் மேசைக்கு எதிரே நடக்கிறது. மருத்துவர் ஒருவரால் மட்டுமே சரிசெய்யக்கூடிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, யாரும் செய்யக்கூடிய வேலைக்கு மேடையேறுவது ஏன்? வளரிளம் பருவத்தினருக்கென்று தனி ஆலோசனை மையங்கள் வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்திலேயே இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்த அறைக்கு ஒரு கதவையும், பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துப் பேசும் பழக்கத்தையும் தர எத்தனை தன்னார்வலர்கள் முன்வந்தார்கள்?

யாரும் செய்யக்கூடிய வேலை என்று நான் சொன்னதற்குச் சான்று பிஹாரில் இருக்கிறது. நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வின் முடிவு 2018இல் லான்செட் இதழில் வந்தது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் அந்தப் பள்ளியிலேயே இருந்து வேலை செய்த ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் சக மாணவர்களின் சீண்டலும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் கூடுதல் பொறுப்பாக நடத்திய பள்ளிகளில் பலனில்லை. நன்மை செய்தது படிப்பல்ல, இருப்பு. அமெரிக்காவில் கிராஸ்மனும் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையான ஒன்றைக் காட்டியது. வழிகாட்டியுடனான உறவு ஓராண்டுக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்கு நன்மை கூடியது; மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவர்களுக்குத் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. வருடத்துக்கு ஒரு முறை வந்து குழுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை இந்த வரிசையில் எங்கே வைப்பது? ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

டாக்டர்கள் வழிகாட்டக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மண்ணிலேயே அதற்கு முன்னோடி இருக்கிறார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையில் பேசியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த முறையிலிருந்து வெளியேறிய, விடுதிகள் ஏற்க மறுத்த பெண்கள் தேடிவந்தபோது தன் வீட்டில் இடம் கொடுத்தார். 1930இல் பிறந்த அவ்வை இல்லம் அப்படி வந்தது. அவர் பார்வையில் இருந்த ஒழுக்கவாதத்தைப் பற்றித் தேவதாசி மரபின் தரப்பிலிருந்தும் ஆய்வாளர்களிடமிருந்தும் எழுந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. என்றாலும், நம்பி வந்த பெண் இரவு எங்கே படுப்பாள் என்ற கேள்வியை அவர் தவிர்க்கவில்லை. அவருடைய பிறந்தநாளான ஜூலை 30ஐத் தமிழக அரசு மருத்துவமனை நாளாக அறிவித்தது பொருத்தமே.

நம் பெண்களுக்குப் பேச வராது என்ற அனுமானத்தையும் விட்டுவிட வேண்டும். 2021 டிசம்பரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். பலர் இருபது வயதை ஒட்டியவர்கள், வெளியூர்க் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். யாரும் அவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது, விடுதிகள் சில தரமாக இல்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. சொன்னால் ஏதாவது நடக்கும், தனியாக மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்தபோது பேசினார்கள். நம் பள்ளிக் கூட்டங்கள் அந்த இரண்டில் ஒன்றைக்கூடத் தருவதில்லை.

எனவே மருத்துவத் துறை நண்பர்களிடம் கேட்பது இதுதான். மேடைக்குத் தரும் நேரத்தை ஓ.பி.க்குத் தாருங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பள்ளிப் பெண்களுக்கு மட்டும், கதவு சாத்திய அறையில், வருடம் முழுக்க அதே செவிலியர், அதே டாக்டர். திருமணம் பற்றிய கேள்வி வைத்தியத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும், அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, மெதுவாக. பள்ளிக்கு வருவதானால், முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "நீங்க சொல்றதுல சிலதை நான் போலீஸ்ல சொல்லியே ஆகணும். எதெதைன்னு முதல்ல சொல்லிடறேன்." இப்படித் தொடங்கினால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள் என்று என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அன்றைக்குத் திறக்க வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அந்தச் சனிக்கிழமை நேரத்தையும் அவள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பதை விவரம் தெரிந்து அவளே முடிவு செய்யட்டும்.