நகையும் வெகுளியும்: அன்டி கோப்மனின் மல்யுத்த அரங்கு பற்றிய சில குறிப்புகள்

ஐக்கிய அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரான அன்டி கோப்மன் (1949–1984) பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரு வாய்பாட்டையே திரும்பத் திரும்பக் கூறி வந்துள்ளனர். நடிப்புக்கும் நடப்புக்கும் இடையிலான எல்லைக்கோட்டை அவர் அழித்துவிட்டார் என்பதே அவ்வாய்பாடு. இக்கூற்று முற்றிலும் பிழையானதன்று. ஆயினும் அது விளக்கமாக வளராது வியப்பாகவே நின்றுவிடுகின்றது. நடப்பு என்பது எல்லார்க்கும் பொதுவான ஒரே தளம் என்றும், கலைஞன் அதன் விளிம்பிலே விளையாடுகிறான் என்றும் கொள்ளும் இந்நோக்கு, எவருடைய நடப்பு, எத்தகைய அரங்கு, நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. 1979 தொடக்கம் கோப்மன் மேற்கொண்ட மல்யுத்த நிகழ்ச்சிகளை, சிறப்பாக 1982 ஆம் ஆண்டின் மெம்பிஸ் நிகழ்ச்சிகளை, இவ்வினாக்களுடன் அணுகுவதே நமது நோக்கமாகும்.

நியூயோர்க்கிலே பிறந்து, லோங் ஐலண்டின் கிறேற் நெக் என்னும் வசதி மிக்க புறநகரில் வளர்ந்தவர் கோப்மன். 1975 ஒக்டோபர் 11 ஆம் திகதி ஒளிபரப்பான 'சற்றர்டே நைற் லைவ்' முதல் நிகழ்ச்சியிலே சிறுவர் கேலிச்சித்திரமொன்றின் பாடலை இசைத்தட்டில் ஓடவிட்டு, அதன் ஓரடிக்கு மட்டும் மிடுக்காக வாயசைத்து, எஞ்சிய நேரமெல்லாம் செய்வதறியாதவராய் நின்றார். கஸ்பியன் கடலில் உள்ளதாக அவரே கற்பித்துக்கொண்ட தீவொன்றிலிருந்து வந்த, மொழி தடுமாறும் 'வெளிநாட்டான்' அவரது புகழ்பெற்ற வேடம். அவ்வேடமே 1978 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'ராக்சி' தொடரிலே லற்கா என்னும் பாத்திரமாயிற்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. கோப்மனின் தொடக்ககால வேடங்கள் பின்னைய மூன்றினாலும் ஆனவை என்பது வெளிப்படை. குழந்தைத்தன்மையும் அறியாமையும் அங்கே அவையோரைச் சிரிக்க வைத்தன. எவரையும் சினங்கொள்ளச் செய்யவில்லை. (தொடரில் நல்ல ஊதியம் பெற்ற காலத்திலேயே அவர் உணவகமொன்றில் மேசை துடைக்கும் வேலையையும் செய்து வந்தார் என்பதைப் பலர் பெருமையாக எடுத்துரைப்பர். வேலையை விட்டுவிட வசதியுள்ளவன் மேசை துடைப்பதற்கும் அது இல்லாதவன் துடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கருதுவதில்லை.)

மல்யுத்தத்துக்கு வந்ததும் கோப்மன் எஞ்சியிருந்த எள்ளலைக் கையிலெடுத்தார். தம்மை உலகின் 'இருபாலார் மல்யுத்த வாகையர்' என அறிவித்து, தம் தோள்களை நிலத்தில் அழுத்தி வெல்லும் பெண்ணுக்கு 1,000 டொலர் பரிசளிப்பதாக அறைகூவினார். பெண்ணுக்குரிய இடம் அடுக்களை என்று மேடையில் நின்று முழங்கினார். இது பெண் விடுதலை இயக்கத்தின் எதிரிகளைப் பகடி செய்வதே என்று அவரது ஆதரவாளர் கூறுவர். பகடி என்பது தான் பகடி செய்யும் பொருளிலிருந்து எங்கேனும் ஓரிடத்திலாவது விலகி நிற்றல் வேண்டும். கோப்மன் திட்டமிட்டே அவ்விலகலை மறுத்தார். அதே காலத்தில், சம உரிமைகளுக்கான அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்ற 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்ட நிலையில், 35 மாநிலங்களின் ஒப்புதலுடனேயே 1982 யூன் 30 இல் அதற்கான காலவரையறை முடிவடைந்தது. பெண்கள் தோற்றுக்கொண்டிருந்த வேளையில் தோற்கடிக்கப்படும் பெண்ணைக் காட்சிப்பொருளாக்கிய கலையை வெறும் வடிவப் பரிசோதனை என்று பாராட்ட நாம் ஆயத்தமாயில்லை. இப்பகுதி அவரது பணியில் மிக நலிந்த பகுதி என்பதே நமது கருத்து.

மெம்பிஸ் நிகழ்ச்சி இதனின்றும் வேறானது. அதனை விளங்கிக்கொள்வதற்குத் தொழில்முறை மல்யுத்தத்தின் இயல்பை அறிதல் வேண்டும். முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட போட்டி அது. ஊர்ச்சந்தைக் களியாட்டங்களிலிருந்து வளர்ந்த இத்தொழிலிலே, அந்த உண்மையை வெளியாருக்கு உரைக்காதிருக்கும் கட்டுப்பாட்டுக்குக் 'கேய்பேப்' என்ற குழூஉக்குறி வழங்கியது. பகைவராக நடிப்போர் அரங்குக்கு வெளியிலும் ஒன்றாகக் காணப்படலாகாது என்னுமளவுக்கு அக்கட்டுப்பாடு இறுக்கமானது. 1957 இல் வெளியான 'புராணிகங்கள்' என்னும் நூலிலே றொலன்ட் பார்த், மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்றும், அது பொய்யா மெய்யா என்பதைப் பற்றி அவையோர் கவலைகொள்வதில்லை என்றும் எழுதினார். நீதி, துன்பம், இழிவு ஆகியன அங்கே ஐயத்துக்கு இடமின்றிக் கண்முன் நிகழ்வதே மக்களை ஈர்க்கின்றது என்பது அவர் கருத்து. சிறந்த அவதானிப்புத்தான். ஆயினும் பார்த் குறியீடுகளின் ஒழுங்கமைப்பைக் கண்ட அளவுக்கு உழைப்பைக் காணவில்லை.

லோலர் கையாண்ட 'பைல்டிறைவர்' என்னும் பிடியை எடுத்துக்கொள்வோம். எதிரியைத் தலைகீழாகத் தூக்கி, அவன் தலையைத் தன் தொடைகளுக்கிடையில் இறுக்கி, அப்படியே நிலத்தில் விழுந்து அமர்வது அது. தலை தொடையின் கீழ்விளிம்புக்குக் கீழே சற்றே நீண்டாலும் கழுத்து முறியும். ஆகவே தூக்குபவனது முழுத் திறனும் தூக்கப்படுபவனின் கழுத்தைக் காப்பதிலேயே செலவாகின்றது. அவையோர் காண்பது பகை. அங்கே நிகழ்வதோ இரு தொழிலாளரின் கூட்டுழைப்பு. பண்டத்திலே மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் விளக்கினார். மல்யுத்தப் பண்டத்திலோ ஒத்துழைப்பு பகைமையாகவே விற்பனையாகின்றது. கோப்மன் அடைய விரும்பிய மறைவான கலை இதுவே. இளமையிலிருந்தே அவர் மல்யுத்தத்தில், சிறப்பாக வெறுக்கப்படும் வீரர் வேடத்தில், மோகங்கொண்டிருந்தார். நியூயோர்க்கின் பெரு முதலாளியான மூத்த வின்ஸ் மக்மேன் அவரை ஏற்க மறுத்தார். மல்யுத்தப் பத்திரிகையாளரான பில் அப்ரரே அவரை ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரின் ஜெறி லோலருடன் தொடர்புபடுத்தினார்.

மெம்பிஸ் சாதாரண நகரன்று. 1968 பெப்ரவரியில் அங்கு ஏறத்தாழ 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; அவர்களுக்கு ஆதரவளிக்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்பிரல் 4 ஆம் திகதி அந்நகரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். மல்யுத்த அரங்குக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1950களின் பிற்பகுதியில் ஸ்புட்னிக் மொன்றோ என்ற வெள்ளையின வீரர், மேல்மாடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இரசிகரை எவ்விருக்கையிலும் அமர அனுமதித்தாலன்றி மேடையேறேன் என்று நின்று, நிறவொதுக்கலை உடைத்தார். அமைப்பாளர் இணங்கியது நீதியுணர்ச்சியாலன்று, சீட்டு விற்பனையாலே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சனி காலையில் தொலைக்காட்சியிலும் திங்கள் இரவில் மிட்-சவுத் கொலிசியத்திலும் நிகழ்ந்த மல்யுத்தம் உழைக்கும் மக்களின் வாராந்தக் கூத்து.

அம்மக்களுக்குக் கோப்மன் ஒளிப்பதிவுகளை அனுப்பினார். சவர்க்காரத்தைக் கையிலேந்தி, அது யாது, எவ்வாறு பயன்படுத்துவது என்று பாடம் நடத்தினார். மலகூடக் கடதாசிக்கும் அவ்வாறே விளக்கம் அளித்தார். தாம் ஹொலிவூட்டிலிருந்து வருபவர் என்று நினைவூட்டிக்கொண்டேயிருந்தார். ஈண்டு நகை மறைந்து வெகுளி தோன்றுகின்றது. வெகுளியின் நிலைக்களன்களுள் குடிகோளும் ஒன்று. சுற்றத்துக்கும் குடிப்பிறப்புக்கும் கேடு சூழ்தல் என அதற்குப் பேராசிரியர் உரை காண்பார். ஓர் ஊரின் குடிகளையே இழிவுபடுத்திய இப்பதிவுகளுக்கு அதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கோப்மன் புதிதாக எதனையும் சொல்லவில்லை என்பதே கவனத்துக்குரியது. தென்மாநிலத்து எளிய மக்களை அறிவிலிகளாகவும் அழுக்கராகவும் காட்டுவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய வாணிகம். 1962 முதல் 1971 வரை ஓடிய 'பெவர்லி ஹில்பில்லிஸ்' தொடரை நினைவுகூரலாம். அங்கே அவ்விகழ்ச்சி சிரித்த முகத்துடன் வந்தது. கோப்மன் அச்சிரிப்பை அகற்றிவிட்டு இகழ்ச்சியை மட்டும் வைத்தார். மேட்டுக்குடிக் கலைத்தொழில் தன் இரசிகரைப்பற்றி மனத்துள் எண்ணுவது முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது. மெம்பிஸ் மக்கள் கொண்ட வெகுளி ஆதலின் அறியாமையன்று. சரியான விலாசத்துக்கே அது சென்றது.

1982 ஏப்பிரல் 5 ஆம் திகதி போட்டி நடந்தது. கிங் கொல்லப்பட்டுப் பதினான்கு ஆண்டும் ஒரு நாளும் கழிந்திருந்தன. இது தற்செயலே, ஆயினும் ஒரே நகரின் இருவகைச் சினங்களை நாம் அருகருகே வைத்துப் பார்க்கின்றோம். ஒன்று வீதிக்கு வந்து கூலியையும் மனித மதிப்பையும் கேட்டது. மற்றது நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று, ஹொலிவூட்காரனின் கழுத்து முறிவதைக் கண்டு தணிந்து, வீடு திரும்பியது. லோலர் பைல்டிறைவரைப் பயன்படுத்தினார். மெம்பிஸ் விதிகளின்படி அது தடைசெய்யப்பட்ட பிடி. ஆகவே அவர் தகுதியிழக்க, மேடையில் விழுந்து கிடந்த கோப்மனே வென்றவர் ஆனார்! அடிபட்டவன் விதிப்படி வெல்வதும், ஊரின் நாயகன் விதிப்படி தோற்பதும் அவையோருக்குத் தம் அன்றாட வாழ்விலிருந்து நன்கு தெரிந்த நியாயமே.

கழுத்துப் பட்டையோடு கோப்மன் மாதக்கணக்காக நடமாடினார். யூலை 28 ஆம் திகதி டேவிட் லெற்றர்மனின் நிகழ்ச்சியில் லோலர் அவரைக் கதிரையிலிருந்து விழுமாறு அறைந்தார். கோப்மன் வசைமாரி பொழிந்து கோப்பியை அவர்மீது வீசினார். இங்கேதான் மேற்குறித்த வாய்பாடு தகர்கின்றது. மல்யுத்த இரசிகர் தலைமுறைகளாக நம்பிக்கையும் ஐயமும் கலந்த ஒரு பார்வையில் பழகியவர்கள். நம்புவதாக ஒப்புக்கொண்டு பார்ப்பது அவர்கள் கலையறிவின் ஒரு பகுதி. ஏமாந்து திகைத்தவர் அந்த இரசிகரல்லர். பின்னிரவுத் தொலைக்காட்சியைப் பார்த்துத் தம்மை விவரமறிந்தோராகக் கருதிய நடுத்தர வர்க்கத்தினரே. எல்லைக்கோடு அழிந்தது அவர்களுக்குத்தான், ஏனெனில் அக்கோடு இருப்பதாக நம்பியவர் அவர்களே.

இதனைக் கொண்டு கோப்மனைப் பிறெக்ற்றுடன் ஒப்பிடுவாருமுளர். நாம் உடன்படோம். பிறெக்ற் அரங்கின் இயந்திரத்தைத் திறந்து காட்டியது, பார்ப்போர் தம் நிலைமையை மாற்றத்தக்கதாகக் காணவேண்டும் என்பதற்காக. கோப்மன் இயந்திரத்தை மேலும் மூடினார். எல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்டதே என்பதை அவர் இறந்து ஏறத்தாழப் பத்தாண்டு கழியும்வரை லோலரும் வெளியிடவில்லை. அம்மௌனத்தில் ஒரு தொழிலாளியின் நேர்மை இருந்தது என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் இரகசியத்துக்கும் உடைமையாளர் உண்டு. 1989 இல் நியூஜேர்சி மாநிலத்தில் மக்மேன் குடும்பத்து நிறுவனம், மல்யுத்தம் விளையாட்டன்று, கேளிக்கையே என்று தானாகவே எடுத்துரைத்தது; விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடுவதே நோக்கம். வீரர்கள் வாழ்நாளெல்லாம் காத்ததை முதலாளிகள் செலவுக் கணக்குப் பார்த்துக் கைவிட்டனர். அதே நிறுவனத்தின் மேடையில் 2007 இல் தோன்றி, 2013 இல் அதன் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற டொனால்ட் ட்றம்ப் 2016 இலும் 2024 இலும் நாட்டின் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். குடிகோளால் வெகுளியை எழுப்பி அதனைத் தன்பக்கம் திருப்பும் வித்தை அரங்குக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இன்றைய வாசகர் அறிவர்.

1982 நவம்பரில் 'சற்றர்டே நைற் லைவ்' தொலைபேசி வாக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கோப்மனை நீக்குக என்றோர் 195,544 பேர். வைத்திருக்குக என்றோர் 169,186 பேர். முடிவுக்கு அவர் பணிந்தார்; அந்நிகழ்ச்சியில் மீண்டும் நேரடியாகத் தோன்றவில்லை. 1984 மே 16 ஆம் திகதி, 35ஆவது வயதில், நுரையீரற் புற்றுநோயால் அவர் இறந்தபோது அதுவும் ஒரு வேடமே என நினைத்தோர் பலர். 1999 இல் மிலோஸ் போர்மன் நெறியாள்கையில் வெளிவந்த 'மான் ஒன் த மூன்' திரைப்படத்தில் கோப்மனாக ஜிம் கரி நடித்தார். லோலர் வேடத்தில் நடித்தவர் லோலரே; பைல்டிறைவர் போட அவரை விட்டால் வேறு ஆளைத் தேடவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.