அயர்ன் மெய்டன்: நாற்பது நிமிடமும் எண்பது நிமிடமும்

ஹெவி மெட்டல் ரசிகர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. எந்தக் குழுவை எடுத்தாலும் பழைய ஆல்பங்கள்தாம் அசல், பின்னால் வந்ததெல்லாம் நீர்த்தது என்று ஒரு கட்சி; குழு வளர்ந்திருக்கிறது, நீங்கள்தான் வளரவில்லை என்று எதிர்க்கட்சி. மெட்டாலிக்கா விஷயத்தில் இதைப் பேசுவது எளிது. 1991இல் அவர்கள் பாணியையே மாற்றிக்கொண்டார்கள், கோடு எங்கே விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அயர்ன் மெய்டனில் அப்படி ஒரு கோடு கிடைக்காது. 1975 கிறிஸ்துமஸ் நாளன்று கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு இன்றும் அவர் கையில்தான் இருக்கிறது. விரலால் மீட்டும் பேஸ் கிட்டாரின் குதிரைப் பாய்ச்சல், இரண்டு கிட்டார்கள் இணைந்து பாடும் மெட்டு, போரும் வரலாறும் பேய்க்கதையும் கலந்த பாடுபொருள் எல்லாம் அப்படியே. ஆனாலும் 1982இன் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பத்தையும் 2021இன் 'சென்ஜுட்சு'வையும் அடுத்தடுத்துப் போட்டால், இரண்டும் வேறு வேறு மனநிலையில் செய்யப்பட்டவை என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். முன்னது சுமார் 40 நிமிடம், பின்னது 82. வேகம் குறைந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று சொல்வதைவிட, போதும் என்று சொல்ல ஆளில்லாமல் போனது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முதலில் போதும் என்று சொன்னது ஓர் ஆள் அல்ல, இசைத்தட்டு. வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்றுமேல் ஏற்றினால் வரிப்பள்ளங்கள் நெருங்கும், ஒலியளவைக் குறைக்க வேண்டும், அடிச்சுருதி மெலியும். பேஸ் கிட்டாரே தலைமை தாங்கும் குழுவுக்கு அது தற்கொலை. இரண்டாவது, மார்ட்டின் பர்ச். டீப் பர்ப்பிளோடும் பிளாக் சப்பாத்தோடும் வேலை செய்துவிட்டு வந்த இந்தத் தயாரிப்பாளர் 1981இன் 'கில்லர்ஸ்' தொடங்கி 1992இன் 'ஃபியர் ஆஃப் த டார்க்' வரை மெய்டனின் எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களையும் கவனித்துக்கொண்டார். அதற்குப்பின் தொழிலிலிருந்தே ஓய்வுபெற்றுவிட்டார்.

பழைய மெய்டன் சின்னச் சின்னப் பாட்டுகளின் குழு என்று இதற்கு அர்த்தமில்லை. 1980இன் முதல் ஆல்பத்திலேயே ஏழு நிமிடத்துக்கு 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபெரா' இருக்கிறது. 1984இன் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தில் கோல்ரிட்ஜின் கவிதையை எடுத்துக்கொண்டு பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் பாடினார்கள். ஆனால் நெடும்பாட்டு ஆல்பத்துக்கு ஒன்று. பெரும்பாலும் கடைசி இடம் அதற்கு. மற்ற பாட்டுகள் நான்கைந்து நிமிடத்தில் வேலையை முடித்து விலகிக்கொள்ளும். அந்த விகிதம்தான் பின்னால் கலைந்தது.

இதைக் காதால் சரிபார்க்க இரண்டு பாட்டுகள் போதும். இரண்டிலும் பேசுவது போர்க்களத்தில் சாகும் ஒரு படைவீரன். 1983இன் 'த ட்ரூப்பர்' கிரிமியப் போரைப் பற்றியது. 1854இல் பலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த பிரிட்டிஷ் குதிரைப்படை. நான்கு நிமிடச் சொச்சம். முன்னுரை கிடையாது. எடுத்த எடுப்பில் கிட்டார் பாய்கிறது, பிறகு வாத்தியங்கள் சட்டென்று நிற்க, புரூஸ் டிக்கின்சனின் குரல் மட்டும் வரியைச் சொல்கிறது. மறுபடி பாய்ச்சல், மறுபடி நிறுத்தம். பல்லவி இருக்கவேண்டிய இடத்தில் சொல்லே இல்லாத ஓங்கார ஓலம். குதிரையிலிருப்பவனுக்கு யோசிக்க நேரமில்லை, கேட்பவருக்கும் இல்லை. அவன் விழுந்துவிட்டான் என்பது நமக்கு உறைப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

2003இன் 'பாஷெண்டேல்' எட்டரை நிமிடம். 1917, பெல்ஜியம், சேற்றில் புதைந்த முதலாம் உலகப்போர். தந்திக்கருவி தட்டுவதுபோல் டிரம்மர் நிக்கோ மெக்பிரெயின் ஹை-ஹாட்டை மெல்லத் தட்டத் தொடங்குகிறார். ஒரு மெலிந்த கிட்டார் மெட்டு. தணிந்த குரல். திடீரென்று முழுக்குழுவும் வெடித்து எழுகிறது; அடங்குகிறது; மறுபடி வெடிக்கிறது. பின்னணியில் தந்தி வாத்தியங்களின் கூட்டொலி. குண்டுவீச்சுக்கும் அடுத்த குண்டுவீச்சுக்கும் இடையே பதுங்குகுழியில் காத்துக்கிடப்பதே அந்தப் போரின் அன்றாடமாக இருந்தது. பாட்டின் அமைப்பும் அதைத்தான் செய்கிறது. இதை நான்கு நிமிடத்துக்கு வெட்டினால் எஞ்சுவது இன்னொரு 'ட்ரூப்பர்', அதுவும் சுமாரானதாக. கிட்டார் வாசிக்கும் அட்ரியன் ஸ்மித்தும் ஹாரிஸும் சேர்ந்து எழுதிய பாட்டு இது. ஒன்பது வருடம் குழுவை விட்டுப் போயிருந்த ஸ்மித், திரும்பி வந்தபோது கூடவே கொண்டுவந்தது இந்த நிதானத்தை என்று நினைக்கிறேன்.

ஆகவே நீளத்தையே குற்றமாகச் சொல்ல முடியாது. தேவையில்லாத நீளம் எப்படியிருக்கும் என்பதற்குத் தொண்ணூறுகளுக்குப் போகவேண்டும். சிடி வந்துவிட்டது, எழுபது நிமிடத்துக்குமேல் இடம். பர்ச் இல்லை. 1993இல் டிக்கின்சன் விலக, பிளேஸ் பெய்லி பாடகரானார். பதிவு நடந்தது எஸ்ஸெக்ஸில் ஹாரிஸின் சொந்த வீட்டு ஸ்டுடியோவில். தயாரிப்பிலும் அவரே பாதி. 'தி எக்ஸ் ஃபேக்டர்' 71 நிமிடம். அதில் பதினோரு நிமிட 'சைன் ஆஃப் த கிராஸ்' அருமையானது; பின்னால் டிக்கின்சனே அதை மேடையில் பாடினார். ஆனால் 1998இன் 'வர்ச்சுவல் லெவன்' ஆல்பத்தில் 'தி ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்' பத்து நிமிடத்தை நெருங்குகிறது, ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்ப அரைத்தபடி. பெய்லியின் கனத்த குரலைக் குறைசொல்வது வழக்கம். நான் அந்தப் பழியை அவர்மேல் போடமாட்டேன். டிக்கின்சனின் தொண்டைக்கென்று வளர்ந்த பாணியை அவர்மேல் அப்படியே ஏற்றிவைத்தார்கள். அதைத் தடுக்கவும், அந்தப் பல்லவியைப் பாதியாக்கவும் அறையில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

1999இல் டிக்கின்சனும் ஸ்மித்தும் திரும்பினார்கள், ஸ்மித்தின் இடத்தில் வந்திருந்த ஜானிக் கெர்ஸும் தொடர்ந்தார், கிட்டார்கள் மூன்றாயின. பாரிஸில் எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவான 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 67 நிமிடம். கெவின் ஷெர்லி அன்றிலிருந்து தயாரிப்பாளர். அவர் குழுவின் மேடைச் சூட்டைப் பிடிக்கத் தெரிந்தவர். ஆனால் ஹாரிஸை மறுத்துப் பேசி வெட்டியதாக ஆல்பங்களில் தடயம் குறைவு. போரையும் மதத்தையும் சுற்றி வரும் 2006இன் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்தை மாஸ்டரிங் செய்யாமலே வெளியிட்டார்கள். ஒலியைத் திணித்து உரக்கச் செய்வது நாகரிகமாக இருந்த காலத்தில் அது துணிச்சல். 2015இன் 'த புக் ஆஃப் சோல்ஸ்' 92 நிமிட இரட்டை ஆல்பம். அதன் கடைசிப் பாட்டை, 1930இல் பிரான்ஸில் விழுந்து 48 பேரைப் பலிகொண்ட ஆர்101 ஆகாயக்கப்பலின் கதையை, டிக்கின்சன் பியானோவில் எழுதினார். பதினெட்டு நிமிடம். கப்பல் மெல்ல எழும்புவதற்கே அத்தனை நேரம் வேண்டும் என்று கேட்கும்போது தோன்றுகிறது. அவர் நாக்கில் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஆல்பம் தள்ளிப்போனதை அறிந்தவர்கள் அந்தக் குரலை வேறுவிதமாகவும் கேட்கிறார்கள்.

பழையதா புதியதா என்ற வழக்கைக் குழுவே மேடைக்குக் கொண்டுபோனது வேடிக்கை. 2006இல் புதிய ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பழம்பாட்டுக்காரர்களின் முணுமுணுப்பை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின் தொடர்ச்சியாகத்தான் 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு டிக்கின்சன் விமானியாக இருந்த போயிங் 757இல் மும்பையில் இறங்கி, எண்பதுகளின் பாட்டுகளை மையமாக வைத்து ஒரு சுற்றைத் தொடங்கினார்கள். 2023இல் இரண்டையும் கலந்தார்கள்: 1986இன் 'சம்வேர் இன் டைம்', கூடவே 'சென்ஜுட்சு'. முப்பத்தேழு வருடமாக மேடையில் வாசிக்கப்படாத 'அலெக்சாண்டர் த கிரேட்' முதல்முறையாக ஒலித்தது அப்போதுதான். எட்டரை நிமிடப் பழம்பாட்டு புதிய நெடும்பாட்டுகளுக்கு நடுவே அந்நியமாகத் தெரியவில்லை. 2025இன் சுற்றிலோ முதல் ஒன்பது ஆல்பங்களோடு, அதாவது பர்ச் விடைபெற்ற 1992ஓடு, பட்டியல் நின்றுவிட்டது. 'பாஷெண்டேல்' அதில் இல்லை. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

'சென்ஜுட்சு'வின் கடைசி மூன்று பாட்டுகளும் ஹாரிஸ் தனியாக எழுதியவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குமேல். என் கையில் கத்தரியைக் கொடுத்தால் 'த பார்ச்மெண்ட்'டில் நான்கு நிமிடத்தைத் தயங்காமல் வெட்டுவேன். 'டெத் ஆஃப் த கெல்ட்ஸ்' முன்பே 'த கிளான்ஸ்மன்'னில் நன்றாகச் சொல்லப்பட்டதன் மறுபதிப்பு. அதை முழுசாகவே விட்டுவிடலாம். 'ஹெல் ஆன் எர்த்'தைத் தொடமாட்டேன், அந்த நீண்ட அமைதியான முன்னுரை உட்பட.